சிலாதோரணத்தைவிட அரியது அதைச் சுற்றி வளர்வது

திருமலையில் உள்ள சிலாதோரணம் என்ற இயற்கைக் கல்வளைவு பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். உலகத்திலேயே இப்படி மூன்று வளைவுகள்தான் உண்டு என்பது உண்மையா, யாரும் செதுக்காமல் கல் எப்படி வளைவாக நிற்கிறது, சுற்றியுள்ள காட்டிலிருந்து ஒரு மூலிகைச் செடியை வீட்டுக்கு எடுத்துவந்து வளர்க்கலாமா. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட அந்தச் செடி விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை பெரியது, அதனால் அதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

முதலில் அந்த மூன்று என்ற கணக்கு. கோயிலுக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில், சக்கர தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த வளைவு. அகலம் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். அமெரிக்காவின் யூட்டாவில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று, இங்கே ஒன்று, மொத்தம் மூன்று என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பல தமிழ் இதழ்களும் அப்படியே எழுதியிருக்கின்றன. இது சரியல்ல. யூட்டாவில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா ஒன்றில் மட்டுமே 2,000-க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் பதிவாகியிருக்கின்றன. அங்குள்ள லேண்ட்ஸ்கேப் வளைவின் அகலம் கிட்டத்தட்ட 90 மீட்டர். சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் ஷிப்டன் வளைவு என்று ஒன்று உண்டு, அதன் உயரம் நூற்றுக்கணக்கான மீட்டர். இந்தியாவுக்குள்ளேயே, 2018-ல் ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தமானின் நீல் தீவில் கடலோரமாகப் பவளப்பாறையில் அமைந்த வளைவைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அப்படியானால் சிலாதோரணத்துக்குச் சிறப்பே இல்லையா என்றால், இருக்கிறது. உலகத்தின் புகழ்பெற்ற வளைவுகளில் பெரும்பாலானவை மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ அமைந்தவை. இரண்டும் ஒப்பீட்டளவில் இளகிய கற்கள். சிலாதோரணம் குவார்ட்சைட் பாறையில் அமைந்தது. மணற்பாறை பூமிக்குள் புதைந்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் மணல்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொண்டால் கிடைப்பது குவார்ட்சைட். சுத்தியலால் அடித்தால் மணல்களுக்கு நடுவே விரியாமல் மணல்களையே பிளந்துகொண்டு உடையும் அளவுக்கு இறுக்கம். அப்படிப்பட்ட கல்லில் ஓட்டை விழுந்து, மேலே ஒரு பாலம் மட்டும் மிஞ்சி நிற்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. மூன்றில் ஒன்று என்ற பெருமை இல்லாமலேயே போதுமான பெருமை அதற்கு உண்டு.

வயது பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. "150 கோடி ஆண்டு பழமையான தோரணம்" என்று பலகைகளிலும் இணையத்திலும் படித்திருப்பீர்கள். 150 கோடி என்பது பாறையின் வயது. கடப்பா தொகுதி என்று புவியியலாளர்கள் அழைக்கும் மிகப் பெரிய படிவப் பாறைத் தொகுதியின் ஒரு பகுதி அது. அந்தப் பாறையில் ஓட்டை விழுந்து வளைவானது இதோடு ஒப்பிட்டால் நேற்று நடந்தது போல. கல் எவ்வளவு உறுதியானாலும் மெல்லிய வளைவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நிற்காது. ஆர்ச்சஸ் பூங்காவில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் விழுந்தது. மால்டாவின் கோசோ தீவில் இருந்த அஸூர் விண்டோ 2017 மார்ச்சில் ஒரு புயலில் கடலுக்குள் போனது. வளைவுகள் பிறப்பதும் விழுவதும் தொடர்ந்து நடப்பவை.

சரி, இது எப்படி உருவானது? பாறை உருவான காலத்தில் இங்கே மலை இல்லை, ஆழமில்லாத கடல் இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த மணல் அடுக்கடுக்காகப் படிந்தது. இந்த மலைகளின் பாறைப் பலகைகள் சிலவற்றில் அந்தக் கால அலைகள் விட்டுப்போன நெளிவுகளை இன்றும் தடவிப் பார்க்கலாம். மணல் கனமாகப் படிந்த இடங்களுக்கு நடுவே சேறு மெல்லிசாகப் படிந்த அடுக்குகளும் உண்டு. எல்லாம் இறுகிக் கல்லானபோது மணல் அடுக்குகள் குவார்ட்சைட் ஆயின. சேற்று அடுக்குகள் பொறபொறவென்ற களிப்பாறையாக நின்றுவிட்டன. பிறகு நிலம் மேலே எழும்பியபோது இந்த இறுகிய கல் வளைய முடியாமல் செங்குத்தாக விரிசல் விட்டது. திருப்பதியிலிருந்து மேலே போகும்போது மலையின் உச்சியில் செங்குத்துச் சுவர் மாதிரி நிற்கும் சிவந்த பாறைகளைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சுவர்களின் முகமெல்லாம் விரிசல் வழியாகப் பிளந்து விழுந்த இடங்கள்தான்.

இப்போது மழைநீர் உள்ளே வருகிறது. செங்குத்து விரிசல் வழியாக இறங்கி, பொறபொறப்பான அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடுகிறது. அந்த அடுக்கு கரைந்தும் அரித்தும் வெளியேறினால் அதன் மேலிருக்கும் கல் துண்டு துண்டாகக் கீழே விழும். இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிற, நடுவில் விரிசல் இல்லாத ஒரு பலகை மட்டும் விழாமல் தங்கிவிட்டால் அதுதான் வளைவு. எடை மேலிருந்து அழுத்தும் இடத்தில் மணல்துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, எடை தாங்காத இடம் மட்டும் உதிர்ந்துபோகிறது என்று 2014-ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் மணற்பாறைத் துண்டுகளை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். வளைவு என்கிற வடிவத்தை யாரும் வரையத் தேவையில்லை. சுமை இல்லாத பகுதி போனபின் மிஞ்சுவது அந்த வடிவம்தான். அந்தச் சோதனை இளகிய மணற்பாறையில் நடந்தது, ஆனாலும் எடையைத் தாங்கும் பகுதி நிலைக்கும் என்ற அடிப்படை எல்லா வளைவுக்கும் பொருந்தும்.

இதே வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2021 நவம்பர், டிசம்பர் மழையின்போது திருமலை மலைப்பாதையில் பெரிய பாறைகள் உருண்டு விழுந்து சாலை உடைந்தது நினைவிருக்கும். தோரணத்தைச் செய்ததும் அந்தப் பாறைகளைத் தள்ளியதும் ஒரே விரிசலும் ஒரே மழைநீரும்தான்.

பக்தர்கள் இதைத் திருவேங்கடமுடையான் அடியெடுத்து வைத்த இடமாக நம்புகிறார்கள். வளைவின் உயரமும் மூலவரின் உயரமும் ஒன்று என்பார்கள், சங்கு சக்கரம் தெரிகிறது என்பார்கள். அந்த நம்பிக்கைக்கும் நான் மேலே சொன்னதற்கும் சண்டை இருக்க வேண்டியதில்லை. வேலி போட்டு, மேலே ஏறக் கூடாது என்று தடுத்திருப்பதற்குப் புவியியல் எவ்வளவு காரணமோ அவ்வளவு பக்தியும் காரணம். அந்த வேலி அங்கே இருந்தே ஆகவேண்டும்.

மலைப்பாதையில் இன்னொரு புவியியல் நினைவுச்சின்னமும் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் பஸ்ஸில் தூங்கியபடியே அதைக் கடந்துவிடுகிறார்கள். கீழே 250 கோடி ஆண்டுக்கும் மேலான கருங்கல், அதன்மேல் நேரடியாக சுமார் 160 கோடி ஆண்டுப் பழமையான குவார்ட்சைட். நடுவில் இருக்க வேண்டிய பல கோடி ஆண்டுக் கல் முழுவதும் காணோம். அரித்துப் போய்விட்டது, அல்லது படியவே இல்லை. சாலையோரம் அறிவிப்புப் பலகை உண்டு. அடுத்த முறை போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

இனி செடிகளுக்கு வருகிறேன். தோரணத்தை ஒட்டி நீங்கள் பார்ப்பது தோட்டம். வரிசையாக நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த அழகுச் செடிகள், எந்த ஊர்ப் பூங்காவிலும் இருப்பவை. அவற்றைப் பார்த்து இந்த மலையின் செடிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலிக்கு அப்பால், பாறை வெளியே தெரியும் இடத்திலிருந்துதான் அசல் காடு தொடங்குகிறது.

குவார்ட்சைட் உதிர்ந்தால் கிடைப்பது ஏறத்தாழ வெறும் மணல். அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை, சாம்பல் சத்து இல்லை, தழைச்சத்து இல்லவே இல்லை. மண்ணின் ஆழமும் சில இடங்களில் ஒரு சாண்கூட இருக்காது. பெய்கிற மழை நிற்காமல் விரிசலுக்குள் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். மாசியிலிருந்து ஆனி வரை பாறை கொதிக்கும். சாதாரண மரம் இங்கே பிழைக்காது, பிழைக்கப் பழகிய மரத்துக்கோ வேறு இடத்தில் போட்டி தாங்காது. இந்த மலைக்கு மட்டுமே உரிய செடிகள் இவ்வளவு இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். தோரணத்தைச் செய்த அதே இறுக்கமும் விரிசலும்தான் இந்தச் செடிகளையும் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

எனக்கு இங்கே முதலிடம் சைகஸ் பெடோமி என்ற செடிக்குத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சிற்றீச்சம் என்று நினைப்போம். சிற்றீச்சமும் அதே சரிவுகளில் வளர்வதால் குழப்பம் இன்னும் அதிகம். ஆனால் இது பனை, ஈச்சை இனமே கிடையாது. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே பூமியில் இருந்த ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. பூ இல்லை, ஆண் செடியில் கூம்பு வரும், பெண் செடியில் விதை தாங்கும் இலைகள் வரும். ஆண் தனி, பெண் தனி. கூட்டம்தான் அவ்வளவு பழையது, இன்று இருக்கும் சைகஸ் வகைகள் பெரும்பாலும் கடந்த ஒரு கோடிச் சொச்சம் ஆண்டுகளில் பிரிந்து உருவானவை என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. "டைனோசர் காலத்துச் செடி" என்று யாராவது சொன்னால் இந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சத்தே இல்லாத மணலில் இது எப்படி வாழ்கிறது? அதன் வேர்களில் சில மேல்நோக்கி வளர்ந்து பவளக் கொத்து போலக் கிளைக்கும். அவற்றுக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். உர மூட்டையைத் தன் வேரிலேயே வைத்திருக்கிறது. கோடையில் காட்டுத்தீ வந்தால் இலைகள் கருகும், தண்டு சாகாது. உதிர்ந்த இலைகளின் அடிப்பாகங்கள் கவசமாக மூடியிருக்கும். மழை விழுந்ததும் நுனியில் புது இலை வளையமாக எழும்பும்.

ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தின் வனத்துறையில் இருந்தவர். அவர் பெயரைத்தான் இந்தச் செடி தாங்குகிறது. இது இயற்கையாக வளர்வது திருப்பதி, கடப்பா பக்கத்து மலைகளில் மட்டும். ஆண் கூம்பை நாட்டு மருந்துக்காக வெட்டி எடுக்கிறார்கள். ஆண் கூம்பு போனால் மகரந்தம் இல்லை, மகரந்தம் இல்லாவிட்டால் பெண் செடியில் முளைக்கிற விதை இல்லை. 1991-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திச் செடிகளுக்கும் பாதுகாப்புக் கொடுத்தபோது நாடு முழுவதிலிருந்தும் ஆறே ஆறு செடிவகைகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் ஒன்று இது. சர்வதேச வணிகத்தில் புலிக்கு இருக்கும் அதே தடை இதற்கும் உண்டு.

செம்மரம் பற்றி நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதிதான் அதன் தாய்வீடு. ஜவ்வாது மலைப் பக்கம் தமிழ்நாட்டிலும் கொஞ்சம் உண்டு. வேங்கை மரத்தின் நெருங்கிய சொந்தம். மூன்று மூன்றாக வட்ட இலைகள், கோடையில் மஞ்சள் பூ, அப்புறம் சிறகு வைத்த தட்டைக் காய். பயறு குடும்பம் என்பதால் இதுவும் வேர் முடிச்சில் நைட்ரஜன் சேர்த்துக்கொள்ளும். மரத்தின் நடுக்கட்டையான வைரம் ரத்தச் சிவப்பு. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். சந்தனம் மாதிரி மணம் கிடையாது. மிக மெதுவாக வளரும். கல்லில் பட்டினி கிடந்து வளர்ந்த மரத்துக்குத்தான் வைரம் நன்றாகப் பாயும் என்று மரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

சீனாவில் பழைய அரண்மனை மேசை நாற்காலிகளுக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துக்கும் இந்த மரம்தான் வேண்டும் என்ற ஆசை, இங்கே உயிர்களைப் பறித்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டிலிருந்து போயிருந்த 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து மலை ஊர்களில் பிழைப்பு இல்லாதவர்களைத்தான் தரகர்கள் கூட்டிப்போகிறார்கள். மரத்தை விற்றுச் சம்பாதிப்பவர் யாரும் கோடாலி தூக்கிக் காட்டுக்குள் போவதில்லை. இந்த மரத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாவல் இனத்தில் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். இங்குள்ள மொகி என்ற காட்டு நாவலுக்கு மட்டும் இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். கடுக்காயின் சொந்தமான தெல்ல கரக்க என்ற மரமும், குங்கிலிய இனத்தைச் சேர்ந்த தம்ப ஜாலாரியும் இந்த மலைகளை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. பாஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலாட்டா என்ற ஒரு சாம்பிராணி மரம் 1961-ல்தான் தனி வகையாக விவரிக்கப்பட்டது. பிசினுக்காக அடிமரத்தைக் கண்டபடி கொத்துவதால் பல மரங்கள் நொந்துபோய் நிற்கின்றன. கொண்ட கொத்திமீர, அதாவது மலைக் கொத்தமல்லி என்று தெலுங்கில் அழைக்கும் ஒரு சிறு செடிக்கு அறிவியல் பெயரிலேயே திருப்பதி இருக்கிறது: பிம்பினெல்லா திருப்பதியென்சிஸ்.

தோரணக் கல்லின் மேலேயே பாருங்கள், சாம்பல் நிறத்திலும் காவி நிறத்திலும் படை படையாகத் தெரிவது பாறைப்பாசி. ஓர் உள்ளங்கை அகலம் பரவ அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறை இடுக்கில் குட்டி விசிறி போல நிற்பது மயில்சிகைப் பெரணி. கோடையில் செத்தது போல் சுருண்டு கிடந்து ஒரு மழையில் விரியும். இடுக்குகளில் வேர் விடும் இச்சி, கல் ஆல் வகைகள் அழகாக இருந்தாலும் வளைவுக்கு ஆபத்தானவை. வேர் பருக்கப் பருக்க விரிசலை ஆப்பு வைத்தது போல் விரிக்கும். வளைவின் மேல் அப்படி ஒரு கன்று முளைத்தால் சிறியதாக இருக்கும்போதே அகற்றுவதுதான் முறை.

பாறை இடுக்கில் பொன்னிறப் பல்லியும் இருக்கிறது. இதை 1870-ல் விவரித்தவர் அதே பெடோம்தான். நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1980-களில் திருமலைப் பக்கம் மீண்டும் பதிவானது. ஆண் பல்லிகள் இனப்பெருக்கக் காலத்தில் தங்க நிறமாகும். குளிர்ச்சியான பாறை நிழலில் பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கும். இதற்கு நெருங்கிய உறவு இலங்கையின் தென்கிழக்குப் பாறைகளில் வாழ்கிறது. உலகில் அந்தப் பேரினத்தில் இருப்பதே இந்த இரண்டு வகைகள்தான்.

இந்தக் காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1989-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா, 2010-ல் அதையும் உள்ளடக்கிய சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம், சுமார் 4,756 சதுர கிலோமீட்டர். ஆனால் தீ அதையெல்லாம் பார்ப்பதில்லை. 2014 மார்ச்சில் திருமலையைச் சுற்றி எரிந்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. சைகஸ் எப்போதாவது வரும் தீயைத் தாங்கும். அதன் நாற்று ஆண்டுதோறும் வரும் தீயைத் தாங்காது. பசுமைக்காகத் திருமலையில் நட்ட கத்திச்சவுக்கும், தானே பரவிய உண்ணிச்செடியும் இன்னொரு பிரச்சினை. பச்சையாக இருப்பதெல்லாம் காடு ஆகிவிடாது.

அப்புறம் உங்கள் மூன்றாவது கேள்வி. எடுத்து வரக் கூடாது. செடி, விதை, கூம்பு, பிசின், பாறைத் துண்டு எதையும். பூங்கா எல்லைக்குள் அது குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தச் செடி உங்கள் வீட்டு மண்ணில் பிழைக்கவும் பிழைக்காது. வண்டல் மண்ணும் தினமும் தண்ணீரும் அதற்கு விஷம். மலைப்பாதையோரம் "திருமலை மூலிகை" என்று கட்டு கட்டாக விற்பதையும் வாங்காதீர்கள், வாங்க ஆள் இருப்பதால்தான் வெட்டுகிறார்கள்.

செம்மரம் வளர்க்க ஆசையென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. நாற்றுப்பண்ணைகளில் விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் கிடைக்கும். தமிழ்நாட்டில் விவசாயிகள் பலர் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் தேங்காத செம்மண்ணோ சரளை மண்ணோ வேண்டும், நல்ல வெயில் வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் காட்டுங்கள். நட்ட நிலத்தின் விவரத்தைக் கிராமக் கணக்கில் பதிந்து வையுங்கள், பிற்காலத்தில் வெட்ட அனுமதி கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். வைரம் பாய இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாவது ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு நடுங்கள். ஐந்தே ஆண்டில் கோடி கிடைக்கும் என்று கன்று விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.